போர்முனையில் எழுதிய உயில்களை அழிக்காதீர்கள்: பிரித்தானிய நீதி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானிய நீதி அமைச்சின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

2023 டிசெம்பர் 15ஆம் திகதி நீங்கள் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையை இரண்டு தடவை வாசித்தேன். 1858 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்ந்திருக்கும் உயில்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டு, 25 வருடம் கடந்த காகித மூலங்களை அழித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். புகழ்பெற்ற மனிதர்களின் உயில்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். பதில் அனுப்ப 2024 பெப்ரவரி 23 வரை நாள் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் படிவத்தை நிரப்பி ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டேன். நான் சொல்ல வேண்டியது அந்தக் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. அதனால் என் மொழியில், எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். இந்த நாட்டில் வாழும் தமிழரும் இதை வாசிக்க வேண்டும். எங்களுடைய உயில்களும் ஒரு நாள் அதே பெட்டிகளுக்குத்தான் போகப்போகின்றன.

நான் கிழக்கு இலண்டனில் 28 வருடம் தபால்காரனாக இருந்தவன். நான் தபால் போடும் தெருக்களுக்கு நடுவே ஒரு பழைய தேவாலயம் உண்டு. மழை வந்தால் அதன் வாசலில்தான் ஒதுங்குவேன். உள்ளே சுவரில் ஒரு பித்தளைத் தகடு. 1914–1918 போரில் இறந்த அந்தப் பகுதி ஆட்களின் பெயர்கள், 47. முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும்தான். வயது இல்லை, எந்தத் தெரு, யாருடைய பிள்ளை என்றும் இல்லை. பார்த்துப் பார்த்து, இவர்களெல்லாம் நான் கடிதம் போடும் வீடுகளில் இருந்தவர்கள்தானே என்ற நினைப்பு எனக்குள் ஊறிவிட்டது. ஓய்வு பெற்ற அடுத்த மாதமே, தேவாலய மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் கூடும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்தேன். ஆறு பேர். அந்த 47 பேரும் யார் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

தொடங்கிய உடனேயே முட்டிக்கொண்டோம். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் சேவைப் பதிவேடுகளில் ஏறத்தாழ 60 வீதம் இன்று இல்லை. 1940 செப்டெம்பரில் இலண்டன் வால்வர்த் பகுதியில் இருந்த போர் அலுவலகக் களஞ்சியத்தின் மேல் ஜெர்மன் குண்டு விழுந்து அவை எரிந்துபோயின. மிஞ்சியவற்றில் பல ஓரம் கருகியவை, தீயை அணைத்த தண்ணீரில் மை கலைந்தவை. தொட்டால் உதிரும் அந்தத் தாள்களைக்கூட இந்த நாடு வீசவில்லை. பத்திரப்படுத்தி, 1990களில் மைக்ரோபிலிம் எடுத்து மக்களுக்குக் காட்டியது. எங்கள் 47 பேரில் 31 பேருக்குப் பதிவேடு எதுவும் கிடைக்கவில்லை. அந்த 31 பேரில் பலரை எங்களுக்கு மீட்டுத் தந்தவை அவர்களுடைய உயில்கள்தான்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம், ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர்முனையில் நிற்கும் சிப்பாய் உயில் எழுதுவதற்கு வக்கீல் வேண்டாம், சாட்சி வேண்டாம், 21 வயது ஆகியிருக்கவும் வேண்டாம். 1837ஆம் ஆண்டு உயில் சட்டத்தின் 11ஆம் பிரிவு அந்தச் சலுகையைக் கொடுத்தது. 1918 இல் வந்த இன்னொரு சட்டம் அதை உறுதிசெய்து விரிவாக்கியது. சிப்பாயின் சம்பளப் புத்தகத்திலேயே உயிலுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அவர் இறந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துப் போர் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வரிதான். நான் இறந்தால் என் உடைமை முழுவதும் இன்னாருக்கு, அவருடைய முகவரி இது, என் கையெழுத்து, என் இலக்கம், படைப்பிரிவு, திகதி. முடிந்தது. எத்தனையோ பேருக்கு, அவர்கள் கைப்பட எழுதியதில் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வரி மட்டும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். குடும்பம் கேட்டுக்கொண்டபடி பெயரை எழுதவில்லை. 1917 ஏப்ரலில் பிரான்ஸில், அராஸ் சண்டையில் இறந்தவர். வயது 19. உடல் கிடைக்கவில்லை. அராஸ் நினைவுச் சுவரில் இருக்கும் ஏறத்தாழ 35,000 பெயர்களில் அவருடையதும் ஒன்று. சேவைப் பதிவேடு எரிந்துவிட்டது. குடும்பத்தில் இன்று இருப்பவர் அவருடைய கடைசித் தங்கையின் மகள், 88 வயது. அவரிடம் இருந்தது ஒரு மனக்கசப்பு மட்டும்தான். "செத்த மகனுடைய பணத்தில் ஒரு பென்னிகூட இராணுவம் என் பாட்டிக்குக் கொடுக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்கள்." பாட்டி சாகும்வரை நவம்பர் நினைவுநாளுக்குப் போகவே இல்லையாம்.

உயிலை எடுத்துப் பார்த்தோம். தாயின் பெயர் அதில் இல்லை. ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. வேறு குடும்பப் பெயர், தாயின் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் முகவரி. 1911 குடிசனக் கணக்கெடுப்பில் அந்தத் தெருவைத் தேடினால், அதே வீட்டில் அவள் இருக்கிறாள், 13 வயதுப் பிள்ளையாக. பிறகு, தேசிய இராணுவ அருங்காட்சியகத்தின் வசம் இருக்கும் படைவீரர் உடைமைப் பதிவேட்டில் பார்த்தோம். பையனுக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கி, எட்டுப் பவுணும் சில்லறையும், அவள் கைக்கே போயிருந்தது. இராணுவம் யாரையும் ஏமாற்றவில்லை. பையன் ஒருத்தியை விரும்பியிருக்கிறான், வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மண்டபத்தில் வைத்து இதைச் சொன்னபோது அந்த அம்மா கன நேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப்போனது. அப்புறம் கேட்டார்: "அவள் பிறகு கலியாணம் செய்தாளா?" 1923 இல் செய்தாள் என்று சொன்னேன். "நல்லது" என்றார். பாட்டி ஆயுள் முழுக்கத் தூக்கிச் சுமந்த கோபத்தை நூறு வருடம் கழித்துப் பேத்தி இறக்கி வைத்ததைப் பார்த்தேன். அதைச் செய்தது ஒரு உள்ளங்கை அளவுத் தாள்.

அந்தத் தாளின் ஸ்கேன் பிரதியில்தானே இதையெல்லாம் கண்டுபிடித்தீர்கள், மூலம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதே குழுவில் நாங்கள் இரண்டு வருடமாக அவிழ்க்க முடியாமல் வைத்திருக்கும் இன்னொரு உயிலைச் சொல்கிறேன். அதில் முகவரியின் கதவிலக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. அது பேனா கிழித்த கோடா, தாளின் மடிப்பா? மடிப்பென்றால் இலக்கம் 11. பேனாக் கோடென்றால் 17. இரண்டு வீட்டிலும் அந்தக் காலத்தில் ஒரே குடும்பப் பெயருடைய ஆட்கள் இருந்திருக்கிறார்கள், ஆனால் வேறு வேறு குடும்பங்கள். கோணல் கையெழுத்து முகவரிகளை 28 வருடம் வாசித்தவன் நான். திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் எனக்குத் தெரியவில்லை. பிரதி எடுத்தவர்களின் பிழையும் அல்ல அது. மூலத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. அந்தப் போரில் பல சிப்பாய்கள் எழுதியது ஒருவகை அழியாத பென்சிலால். ஈரம் பட்டால் அந்த எழுத்து ஊதாவாக மாறும். ஊதா எங்கே, கறுப்பு மை எங்கே என்று மூலத்தில் பார்த்தால், சிப்பாய் எழுதியது எது, பின்னால் குமாஸ்தா சேர்த்தது எது என்று பிரித்துவிடலாம். கறுப்பு வெள்ளைப் பிரதியில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நாளைக்கு எப்படிப்பட்ட கருவி வரும், அதை வைத்துத் தாளிலிருந்து என்ன படிப்பார்கள் என்று இன்று யாருக்குத் தெரியும்? தாள் இருந்தால்தான் அதைப் படிக்கவும் முடியும்.

இந்த உயில்களில் சில உண்மையில் கடிதங்கள். சம்பளப் புத்தகத்தில் பக்கத்தை நிரப்பாமல் இறந்துபோன பையன்கள் உண்டு. "எனக்கு ஏதாவது ஆனால் எல்லாம் உனக்குத்தான் அம்மா" என்கிற மாதிரி வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தால், தாய் அந்தக் கடிதத்தையே ஆதாரமாகப் போர் அலுவலகத்துக்கு அனுப்பினாள். அலுவலகம் அதை உயிலாக ஏற்று, கோப்பில் வைத்துக்கொண்டது. மகனுடைய கடைசிக் கடிதத்தை அரசை நம்பிக் கொடுத்தாள் அவள். தயவுசெய்து இதை யோசித்துப் பாருங்கள். அந்தக் கடிதத்தை உயில் என்று மட்டும் கணக்கில் எடுத்து, படம் பிடித்தாயிற்று என்று அழிக்க ஒரு அரசுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தை வீசினால் என்ன நடக்கும் என்பதற்கு நான் தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் ஒரு தொழிலாளர் சங்கம் தன் பழைய உறுப்பினர் பதிவேடுகளை ஒரு நிறுவனத்திடம் கொடுத்து ஸ்கேன் செய்தது. இடம் இல்லை என்று மூலத்தைக் கழிவுக் காகிதத்துக்குப் போட்டுவிட்டார்கள். போருக்குப் போனவர்களின் பெயருக்கு நேரே பென்சிலில் குறிப்பு எழுதியிருந்ததாக ஒரு பழைய உறுப்பினர் சொன்னதை நம்பி நாங்கள் போனோம். கோப்பைத் திறந்தால், மங்கலான பென்சில் எழுத்து எதுவும் விழவில்லை, வெறும் வெள்ளை. இரண்டு இடத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் புரட்டியிருக்கிறார்கள். அந்த நான்கு பக்கமும் இனி இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சில நூறு பக்கத்தில் இப்படி. உங்களிடம் இருப்பது 11 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். 1981 மே மாத முடிவில் எங்கள் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள், கையெழுத்துப் பிரதிகள். எனக்கு அப்போது 15 வயது. அடுத்த நாள் காலை எங்கள் முற்றத்தில் கருகிய தாள் துண்டுகள் வந்து விழுந்திருந்தன. அம்மா அவற்றை விளக்குமாற்றால் கூட்டவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தார். ஒன்றில் நாலைந்து எழுத்து தெரிந்தது, தொட்டதும் பொடியாகிவிட்டது. அன்று எரிந்த சுவடிகளுக்கு எங்காவது ஒரு படம் இருந்தால் போதும் என்று இன்றும் ஏங்குகிறோம். ஆகவே நான் ஸ்கேனுக்கு எதிரி அல்ல. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஆனால் படம் எடுப்பது மூலத்துக்கு ஏதாவது நேர்ந்தால் கைகொடுக்க. நீங்களோ அந்த ‘ஏதாவது’ நேர்வதற்கு நாள் குறிக்கிறீர்கள்.

கணினியில் இருந்தால் பத்திரம் என்று அறிக்கை சொல்கிறது. 2023 ஒக்டோபர் கடைசியில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. உலகத்தின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று. நூற்பட்டியலே 2024 ஜனவரி நடுப்பகுதியில்தான் ஓரளவுக்குத் திரும்பி வந்தது, அப்போதும் பல சேவைகள் இயங்கவில்லை. ஆனால் அலமாரியில் புத்தகங்கள் இருக்கின்றன. அதனால்தான் அந்த நூலகம் இன்றும் நூலகமாக இருக்கிறது. உங்கள் உயில்களுக்கு இதே கதி வந்தால், திரும்பிப் போய்ப் பார்க்க அலமாரியில் என்ன இருக்கும்?

இனி, புகழ்பெற்றவர்கள் என்ற அளவுகோல். இதுதான் என்னை எல்லாவற்றையும்விடக் காயப்படுத்தியது. ஜமேய்க்காவிலிருந்து வந்து கிரைமியப் போரில் காயப்பட்ட சிப்பாய்களைப் பராமரித்த மேரி சீக்கோல் 1881 இல் இலண்டனில் இறந்தார். அதன் பின் ஏறத்தாழ நூறு வருடம் இந்த நாடு அவரை மறந்தே இருந்தது. 2016 இல்தான் சென் தோமஸ் மருத்துவமனைக்கு முன்னால் சிலை வைத்தார்கள். இடையில் 1930 இலோ 1950 இலோ யாராவது ஒரு அதிகாரி ‘புகழ்பெற்றவர்’ பட்டியல் போட்டிருந்தால் அவர் பெயர் அதில் வந்திருக்குமா? சரி, அவராவது பின்னால் பேர் எடுத்தார். என் தேவாலயச் சுவரில் இருக்கும் 47 பேரும் எந்தக் காலத்திலும் உங்கள் பட்டியலுக்கு வரமாட்டார்கள். அவர்களைத் தேடி வருவது அவர்களுடைய தங்கையின் மகளும் அண்ணனின் பேரனும்தான். அந்த உறவுகளுக்காகவே அந்த ஆவணங்கள் இருக்கின்றன.

என் மனைவியின் பாட்டனார் மலாயாவில் தோட்டத்தில் வேலை செய்தவர். ஜப்பான்காரன் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன பல்லாயிரம் தமிழரில் அவரும் ஒருவர். திரும்பி வரவில்லை. எங்கே, எந்த நாளில் இறந்தார் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவருடைய திவசத்தை ஆடி அமாவாசையில் பொதுவாகத்தான் கொடுக்கிறோம். ஒரு சாதாரண மனிதனின் பெயரும் கையெழுத்தும் கடைசி விருப்பமும் ஒரு தாளில் இருப்பது எவ்வளவு அரிய விஷயம் என்று இப்படி ஒன்றும் இல்லாத வீட்டில்தான் தெரியும். உங்களிடம் அது பெட்டி பெட்டியாக இருக்கிறது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு 45 இலட்சம் பவுண் ஆகிறது என்கிறீர்கள். 11 கோடி ஆவணங்களுக்குப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு வருடத்துக்கு நான்கு பென்ஸ் அளவில் வருகிறது. ஒரு நாட்டின் வரவு செலவில் இது பெரிய சுமை என்று என்னால் ஏற்க முடியவில்லை. சுமைதான் என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஸ்கொட்லாந்துச் சிப்பாய்களின் உயில்கள், முப்பதாயிரத்துக்கு மேல், எடின்பரோவில் அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அயர்லாந்துச் சிப்பாய்களின் 1914–1917 கால உயில்கள் ஏறத்தாழ 9,000. டப்ளினில் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை வைத்துக்கொண்டு, இணையத்தில் இலவசமாகவும் காட்டுகிறது. 1922 இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் (Four Courts) நீதிமன்றக் கட்டட வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்து, பல நூற்றாண்டு உயில்கள் போனதைப் பார்த்த நாடு அது. இழந்தவர்களுக்கு அருமை தெரிந்திருக்கிறது. நீங்களும் 2013 இல் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் 2 இலட்சத்து 30 ஆயிரம் உயில்களை இணையத்துக்குக் கொண்டுவந்தீர்கள். எங்கள் குழு பிறந்ததே அதனால்தான். அதற்கு நன்றியோடுதான் இதையும் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவை.

மூலங்களை அழிக்கும் யோசனையை முழுதாகக் கைவிடுங்கள். ஸ்கேன் வேலையைத் தொடருங்கள், நிறத்தில் எடுங்கள், தாளின் பின்பக்கத்தையும் உறையையும் சேர்த்து எடுங்கள்.

எந்த முடிவு எடுத்தாலும், போரில் இறந்தவர்களின் உயில்கள், சம்பளப் புத்தகப் பக்கமானாலும், கடிதமானாலும், முறைப்படி நீதிமன்றம் போய் உறுதியான உயிலானாலும், எந்தப் போரானாலும், ஒருபோதும் அழிக்கப்படமாட்டா என்று எழுத்தில், சட்டத்தில் சொல்லுங்கள். ஒரு அமைச்சரின் வாய்வார்த்தை அடுத்த அமைச்சரைக் கட்டுப்படுத்தாது.

புகழ்பெற்றவர் என்ற அளவுகோலை எடுத்துவிடுங்கள்.

களஞ்சியச் செலவு தாங்கவில்லையென்றால், அழிப்பதற்கு முன் இலண்டன் கியூ (Kew) பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்திடமும் மாவட்டக் காப்பகங்களிடமும் கேளுங்கள். தாள்களைப் பிரிக்க, அட்டவணை போட ஆள் வேண்டுமென்றால் எங்களைப் போன்ற குழுக்கள் இந்த நாடு முழுக்க இருக்கின்றன. சம்பளம் வேண்டாம். வியாழக்கிழமைகளில் ஆறு பேர் நாங்கள் வருகிறோம்.

கடைசியாக ஒன்று. அந்த 88 வயது அம்மாவுக்குத் தன் மாமன் எழுதிய தாளை ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். பிரதியை அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். சுவரில் மாட்டியிருக்கிறார். ஆனால் அவர் கேட்பது அவன் கைபட்ட தாளை. பெட்டி எந்தக் களஞ்சியத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நான் அவரைக் காரில் கூட்டி வருகிறேன். ஒரு நாளும் ஒரு மேசையும் ஒதுக்கித் தாருங்கள். அவருக்கு வயதாகிவிட்டது. பதிலைச் சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரன் ஒருவன்
கிழக்கு இலண்டன், பெப்ரவரி 2024